ஒன்பது குளிர்காலம் உறங்கிய மெசின்

நம் சபையில் எல்லோருக்கும் அந்த அங்கிளைத் தெரியும். ஆராதனை முடிந்ததும் மண்டபத்தின் பின்கதவு ஓரமாக நின்று, தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடிப்பார். ஏன் இரண்டு கை என்று வாலிபர்கள் நாங்கள் யாரும் கேட்டதில்லை. கடந்த மே மாதத்தில்தான் தெரிந்தது, கை நடுங்குகிறது என்று. அதே கைகள்தான் ஒருகாலத்தில் அல்பேர்ட்டாவின் எண்ணெய்க் குழாய்களை வெல்ட் பண்ணின என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கிளும் அன்ரியும் எட்மன்ரன் வீட்டை விற்றுவிட்டுக் கல்கரியில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சாமான் ஏற்ற உதவிக்குப் போனோம். வீட்டின் பின்னால் தகரக் கொட்டகைக்குள், தார்ப்பாய் மூடியபடி ஒரு பெரிய மெசின் நின்றது. லிங்கன் எஸ்.ஏ.-200. நான்கு சிலிண்டர் கொன்ரினென்ரல் எஞ்சின் ஒரு பக்கம், அதோடு பூட்டிய டி.சி. ஜெனரேற்றர் மறுபக்கம். மின்சாரமே இல்லாத வெட்டவெளியில் பெற்றோலை ஊற்றி வெல்டிங் செய்வதற்கென்று செய்தது. வட அமெரிக்கக் குழாய்வழி வெல்டர்கள் பல பத்தாண்டுகளாக இதை விரும்பி வைத்திருந்தார்கள். இன்றும் தேடி வாங்குபவர்கள் உண்டு.

"ஒன்பது வருசமாத் தொடேல்லை. மாசக் கடைசியில பழைய இரும்புக்காரன் வந்து ஏத்துவான்" என்றார் அங்கிள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "போறதுக்கு முதல் ஒருக்கா அது ஓடுற சத்தத்தைக் கேட்டா நல்லாயிருக்கும்" என்றார்.

அந்த நேரத்தில் நமக்கும் ஒரு தேவை இருந்தது. மண்டபத்துப் பின்படியின் இரும்புக் கைபிடி அடியில் விட்டுப்போய், பனிக்காலத்தில் ஒரு அம்மம்மா அதில் பிடித்துச் சறுக்கியிருந்தார். நம்மில் ஒருவர் வெல்டிங் பயிற்சியில் இரண்டாம் வருடம். அங்கிளின் மெசினை ஓட்டி, அதைக் கொண்டே கைபிடியை ஒட்டுவது என்று முடிவெடுத்தோம். கையில் இருந்தது மூன்று சனிக்கிழமைகள்.

முதல் சனிக்கிழமை

புதுப் பற்றறியோடு போய் இறங்கினோம். கொழுவி ஸ்ராட் பண்ணினால் பாதி வேலை முடிந்தது என்பது எங்கள் நினைப்பு. அங்கிள் பற்றறியைக் கீழே வைக்கச் சொன்னார். "பிள்ளையள், அவசரப்படாதேங்கோ. முதல்ல கண்ணால பாருங்கோ. பிறகு கையால சுத்துங்கோ. ஸ்ராட்டர் கடைசி."

கண்ணால் பார்த்ததில் முதலில் கிடைத்தது எலிக்கூடு. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பஞ்சும் புல்லும் அடைந்து கிடந்தன, இரண்டு வயர்களின் உறை கடித்துப் போயிருந்தது. தும்புத்தடி எடுக்கப் போனவரை அன்ரி தடுத்தார். இங்குள்ள மான் எலிகளின் எச்சத்தில் ஹன்ரா வைரஸ் இருக்கலாம், காய்ந்த தூசியாகப் பறந்தால் மூச்சில் போகும். ஆகவே முகக்கவசமும் கையுறையும் போட்டு, பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, ஈரமாகவே துடைத்து எடுத்தோம். கடிபட்ட வயர்களை மாற்றினோம்.

அடுத்து எண்ணெய். பழையதை வடித்ததும் முதலில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. வெப்பமும் குளிரும் மாறி மாறி வரும் கொட்டகையில் ஒன்பது வருடம் நின்ற எஞ்சினுக்குள் ஈரம் சேராமல் இருக்குமா? அந்த எண்ணெயோடு ஓட்டியிருந்தால் பெயரிங்குகள் போயிருக்கும். புது எண்ணெய் ஊற்றினோம். றேடியேற்றர் ஹோஸ்கள் வெடித்திருந்தன, அவற்றையும் கூலன்றையும் மாற்றினோம்.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, முன்னால் கிராங் கைபிடியைப் போட்டுச் சுற்றினோம். அசையவில்லை. நம்மில் ஒருவர் நீளக் குழாய் ஒன்றைச் செருகி உன்னப் போனார். அங்கிளின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "விடு தம்பி! பிடிச்சதை அடிச்சுத் திருப்பினா முறியும். ஊறவிடு." பிளக் ஓட்டைகள் வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, மூடிவிட்டு வீட்டுக்குப் போனோம். அன்றைக்குச் செய்து முடித்தது ஒன்றுமில்லை என்றுதான் எங்களுக்குப் பட்டது.

இரண்டாம் சனிக்கிழமை

கிராங் கைபிடியை ஒரு கையால் தள்ளியதும் எஞ்சின் மெல்லச் சுழன்றது. ஒரு வாரத்து எண்ணெய் தன் வேலையைச் செய்திருந்தது.

கொம்பிரஷன் பார்த்தோம். மூன்று சிலிண்டர் சரி, மூன்றாம் இலக்கத்தில் மட்டும் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் வால்வு உள்ள இந்தப் பழைய வகை எஞ்சின்கள் நீண்டகாலம் நின்றால், ஒரு வால்வு திறந்தபடியே இறுகிப்போவது வழக்கமாம். பக்க மூடியைக் கழற்றி வால்வுத் தண்டுக்கு எண்ணெய் விட்டு, மேலிருந்து பித்தளைக் கம்பியால் தட்டித் தட்டி இறக்கினோம். அரை மணித்தியாலம் எடுத்தது.

பெற்றோல் தாங்கியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் வாடை அடித்தது. பெற்றோல் வருடக்கணக்கில் நின்றால் அதன் இலேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகிவிடும். காபரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைப்பது அதுதான். கழற்றி, சுத்தமாக்கும் திரவத்தில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையையும் காற்றால் ஊதினோம். தாங்கியைக் கழுவி, வடிகட்டியை மாற்றினோம். மக்னீற்றோவின் பொயின்ற்களில் படிந்திருந்த மங்கலை மெல்லத் துடைத்ததும் பிளக்கில் நீலப் பொறி தெரிந்தது.

மெசினை ட்ரொலியில் ஏற்றி வெளியே இழுத்தோம். கொட்டகைக்குள், கராஜுக்குள் எஞ்சின் ஓட்டவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் காபன் மொனொக்சைட் தேங்கிக் கொன்றுவிடும், அதற்கு மணமும் இல்லை. பின்பு பற்றறியைக் கொழுவினோம். இருமியது, புகைத்தது, நின்றது. நான்காம் தடவை பிடித்துக்கொண்டது. நாங்கள் கூச்சலிட்டோம். அங்கிள் தலையைச் சரித்துக் காது கொடுத்துக்கொண்டே நின்றார்.

ஆனால் வெல்டிங் குச்சியை இரும்பில் தட்டியபோது ஒரு பொறிகூட வரவில்லை.

இங்கேதான் நாங்கள் பிழை விட்டோம். வயர்தான் பழுது என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் நம்பினோம். அந்த வாரமே காசு சேர்த்துப் புதிய வெல்டிங் கேபிள் வாங்கினோம். புதன்கிழமை பின்னேரம் மாற்றிப் பார்த்தோம். அதே நிலை. அங்கிள் ஒரு கேள்விதான் கேட்டார்: "மீற்றர் என்ன காட்டினது?" நாங்கள் மீற்றரே வைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை

இந்த மெசினில் இரண்டு ஜெனரேற்றர் இருக்கிறது. பெரியது வெல்டிங்குக்கு. அதன் நுனியில் ஒரு சிறியது, எக்சைற்றர். பெரியதின் காந்தச் சுருள்களுக்கு மின்சாரம் கொடுப்பது அந்தச் சிறியதுதான். சிறியது தூங்கினால் பெரியதும் தூங்கும். எக்சைற்றர் ஒழுங்காக ஓடினால் சுமார் 115 வோல்ட் தரவேண்டும். மீற்றரை வைத்தோம். பூச்சியம்.

எஞ்சினை நிற்பாட்டி மூடியைத் திறந்தோம். கார்பன் பிரஷ்கள் இரண்டு அவற்றின் கூட்டுக்குள் இறுகி, செப்பு உருளையைத் தொடாமலே நின்றன. உருளையின் மேல் பச்சையும் கறுப்புமாகப் படிவு. பிரஷ்களை இளக்கி, மெல்லிய மணல்தாளால் உருளையைத் துடைத்தோம். எமரித் தாள் பாவிக்கக் கூடாது, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தி, செப்புப் பட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். தூசியை ஊதி, சுருள்கள் எங்கும் அறுந்திருக்கவில்லை என்பதையும் மீற்றரில் பார்த்துக்கொண்டோம். மறுபடி ஓட்டினோம். அப்போதும் பூச்சியம்.

"இப்ப சரி. இனி மிச்சம் ஒண்டுதான்" என்றார் அங்கிள்.

இப்படியான ஜெனரேற்றர் தனக்கு வேண்டிய காந்தத்தைத் தானே உண்டாக்குகிறது. நின்ற பிறகும் இரும்புக்குள் கொஞ்சம் காந்தம் மிஞ்சியிருக்கும். அடுத்த முறை சுழலும்போது அந்த மிச்சம் ஒரு சிறு மின்சாரத்தைத் தரும், அது சுருளுக்குள் போய்க் காந்தத்தைக் கூட்டும், கூடிய காந்தம் மின்சாரத்தைக் கூட்டும். 1867இல் லண்டன் றோயல் சொசைற்றியில் வில்லியம் சீமென்ஸ், சார்ள்ஸ் வீட்ஸ்ரன் இருவரின் கட்டுரைகளும் ஒரே நாளில் முன்வைத்த தத்துவம் இதுதான். ஆனால் வருடக்கணக்கில் சும்மா நின்றால் அந்த மிச்சக் காந்தமும் போய்விடலாம். பிறகு எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் ஒன்றும் வராது. தொடக்கத்துக்கு ஒரு துளி வெளியிலிருந்து வரவேண்டும்.

அந்தத் துளியைக் கொடுக்கும் முறையை அங்கிள் சொல்லச் சொல்லச் செய்தோம். எஞ்சின் நின்றபடி இருக்க, எக்சைற்றரின் ஒவ்வொரு பிரஷுக்கும் அடியில் ஒரு அட்டைத் துண்டு. 12 வோல்ட் கார் பற்றறியின் நெகற்றிவ் வயரை நெகற்றிவ் பிரஷ் கூட்டில் கொழுவி, பொசிற்றிவ் வயரைப் பொசிற்றிவ் கூட்டில் கொஞ்ச நேரம் தொட்டோம். எடுக்கும்போது ஒரு சிறு பொறி. அவ்வளவுதான். பற்றறியை அகற்றி, அட்டைகளை எடுத்து, மூடியைப் பூட்டி, எஞ்சினை ஓட்டினோம்.

மீற்றரின் எண்கள் ஓடத் தொடங்கின. 20, 60, 100ஐத் தாண்டியது. யாரும் கூச்சலிடவில்லை. அங்கிளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு எச்சரிக்கை: இந்த முறை இந்த மெசினுக்கு. புதிய ஜெனரேற்றர்களில் எலெக்ட்ரொனிக் பலகைகள் உண்டு. அவற்றில் பற்றறியைத் தொட்டால் பலகை எரிந்துபோகும். உங்கள் மெசினின் கையேட்டைப் பார்க்காமல் தொடவேண்டாம்.

கைபிடி

அன்று பின்னேரமே மெசினை மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். கைபிடியின் பெயின்றையும் துருவையும் கிரைண்டரால் எடுத்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே ஒட்டத் தொடங்கினோம். பயிற்சியில் இருக்கும் அண்ணாதான் முகமூடி போட்டுக்கொண்டு இருந்தார். அங்கிள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார், சத்தம் மட்டும் போதுமாம். "கரண்ட் கூடிப்போச்சு, கொஞ்சம் குறை. மோர்மிளகாய் பொரியிற மாதிரி ஒரே சீராய்க் கேக்கவேணும்." குமிழைத் திருப்பினோம். சத்தம் சீரானது. "ஆ, இதுதான்" என்றார்.

ஒரு வரியை நீங்களே போடுங்கோ அங்கிள் என்று குச்சியை நீட்டினோம். "இனி நான் பிடிச்சா கோடு நெளியும்" என்று மறுத்துவிட்டார். சுத்தியலை மட்டும் வாங்கி, ஆறிய ஒட்டின் மேலிருந்த கசடைத் தட்டி உதிர்த்தார். அதற்கு நடுக்கம் தடையாக இருக்கவில்லை. கீழே தெரிந்த வரியைக் குனிந்து பார்த்து, "பரவாயில்லை" என்றார். முப்பது வருடம் இதைச் செய்த ஒருவர் சொன்ன பரவாயில்லை அது. நெருப்புப் பொறி எங்காவது ஒளிந்திருக்கும் என்பதால் வேலை முடிந்தும் அரை மணி நேரம் வாளித் தண்ணீரோடு அங்கேயே இருந்தோம். அந்த அரை மணி நேரத்தில் அவர் தன் வேலைக்காலத்தைப் பற்றிச் சொன்னவை, இத்தனை வருடத்தில் நாங்கள் அவரிடம் கேட்டதைவிட அதிகம்.

பழைய இரும்புக்காரருக்கு வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. மெசினை அண்ணா மாதத் தவணைக்கு வாங்கிக்கொண்டார். மாதம் ஒருமுறை ஓட்டி, கொஞ்சம் வெல்டிங்கும் செய்து, நிற்பாட்டும்போது பெற்றோல் குழாயை மூடிக் காபரேற்றர் காயும்வரை ஓடவிட வேண்டும் என்பது அங்கிளின் கட்டளை.

உங்கள் கராஜிலும் ஒரு பனி அள்ளும் மெசினோ புல்வெட்டியோ ஜெனரேற்றரோ தூங்கிக்கொண்டிருக்கலாம். எழுப்ப முன் கண்ணால் பாருங்கள், கையால் சுற்றுங்கள், எண்ணெயை மாற்றுங்கள், பழைய பெற்றோலை வடியுங்கள், சாமான் வாங்க முன் மீற்றரை வையுங்கள். அதைவிட முதலில், அதைத் தெரிந்தவர் ஒருவர் ஆராதனைக்குப் பிறகு பின்கதவு ஓரமாகத் தேநீர் குடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று பாருங்கள். அவர் வேறு ஊருக்குப் போகுமுன் போய்ப் பேசுங்கள்.

அந்தப் படியில் அம்மம்மா இப்போது கைபிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறார்.