உலக்கையிலிருந்து உமி நீக்கும் மெஷினுக்கு

அன்றைய ஜவ்வாது மலையில் கருவி பழக வகுப்பறை தேவைப்படவில்லை. கொடுவாளை எப்படி ஓங்கினால் காலில் படாது, மேழியை எவ்வளவு அழுத்தினால் கொழு கல்லில் முட்டாது என்பதையெல்லாம் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் அப்பாவின் பின்னால் நடந்தே கற்றார்கள். சாமை குத்துவது அம்மாவிடம் படித்த பாடம். சாமையின் உமி லேசில் கழலாது. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். ஒருவேளைச் சோறு ஆவதற்குள் தோள்பட்டை இற்றுவிடும்.

பிறகு உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. பிள்ளைகள் எழுத்துக்கு வந்தார்கள். கருவி வாசலிலேயே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அரைநாள் பள்ளி, அரைநாள் குடும்பத் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. ஆனால் பிறப்போடு தொழிலைக் கட்டக்கூடாது என்ற கோபத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் கைவேலை கற்றுத்தரும் எண்ணமும் சேர்ந்தே அடிபட்டுப்போனது என்று நினைக்கிறேன். 1978இல் மேல்நிலைக் கல்வியோடு வந்த தொழிற்பிரிவும் மார்க் குறைந்தவர்கள் சேரும் குரூப் என்றே பெயர் வாங்கியது.

இன்று மலையில் சாமை அரிசியாக்க மெஷின் இருக்கிறது. வேகமாகச் சுழலும் தட்டு தானியத்தைச் சுவரில் வீசியடிக்கிறது, உமி வெடிக்கிறது, காற்றாடி அதை ஊதித் தள்ளுகிறது. வேகம் கூடினால் அரிசி நொறுங்கிக் குருணையாகும். ஈரம் இருந்தால் உமி விடாது. பெல்ட்டுக்கு மூடி இல்லாவிட்டால் முந்தானையை இழுத்துவிடும்.

தானியத்தை இப்படி வீசும் மையவிலக்கு விசை ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பாடமாகவே இருக்கிறது. மலைப்பிள்ளை அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிறது; ஊரிலேயே ஓடும் மெஷினை யாரும் அந்தப் பிள்ளைக்குத் திறந்து காட்டுவதில்லை. இதே மலையில், காவலூரில், இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியதும் கருவி பழகிய கைகள்தான்.

மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் ஐடிஐ இருக்கிறது. ஆனால் அங்கே சேர எட்டாவதோ பத்தாவதோ முடித்திருக்க வேண்டும். அதற்கு முன்பே, ஆறாம் வகுப்பிலிருந்தே, வாரம் ஒரு பீரியட் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் பிள்ளைகள் கைக்கு வர வேண்டும். முதலில் பெண் பிள்ளைகளிடம் கொடுங்கள். உலக்கை பிடித்தது அவர்கள் பாட்டிமார்தான்.