பூனைகளின் உயர்மாடி வீழ்ச்சி நோய்க்குறி

உயர்மாடி வீழ்ச்சி நோய்க்குறி என்பது அடுக்குமாடிக் கட்டடங்களின் சன்னல், பால்கனி போன்ற இடங்களிலிருந்து விழும் பூனைகளுக்கு ஒருசேர ஏற்படும் காயங்களைக் குறிக்கும் கால்நடை மருத்துவச் சொல்லாகும். வெப்பம் மிகுந்து சன்னல்கள் திறந்து வைக்கப்படும் மாதங்களில் இவ்விபத்துகள் கூடுதலாக நிகழ்கின்றன.

காரணங்கள்

பறவை, பூச்சி ஆகியவற்றைப் பிடிக்கத் தாவும்போதோ, சன்னல் விளிம்பில் உறங்கிப் புரளும்போதோ பூனை தவறி விழுகிறது. மரப்பட்டையைப் பற்றிக்கொள்ளும் அதன் நகங்களுக்குச் சிமெண்ட், கண்ணாடி, அலுமினியம் ஆகியவற்றில் பிடி கிடைப்பதில்லை. கொசுவலைமீது சாயும் பூனை வலையோடு சேர்ந்து விழுவதும் உண்டு.

திருப்பும் அனிச்சைச் செயல்

விழும் பூனை தன் வளையும் முதுகெலும்பைப் பயன்படுத்தி, காற்றிலேயே உடலைத் திருப்பிக் கால்களைக் கீழே கொண்டுவருகிறது. 1894-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் எட்டியன்-சூல் மரே இதனைத் தொடர் ஒளிப்படங்களாகப் பதிவு செய்தார். எனினும், காலூன்றி இறங்குவது காயமின்றி இறங்குவதாகாது. கால்கள் மடங்கியதும் மார்பும் தாடையும் தரையில் மோதுகின்றன. இதனால் கால் எலும்பு முறிவு, தாடை முறிவு, மேலண்ணப் பிளவு, நுரையீரல் காயம், மார்புக்கூட்டில் காற்று சேர்தல் ஆகியவை ஏற்படுகின்றன.

உயரமும் காயமும்

நியூயார்க் நகரக் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-இல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு உயிர் பிழைத்தன. ஏறத்தாழ ஏழு மாடி வரை காயங்கள் கூடி, அதற்கு மேல் குறைந்ததாகவும் அதில் கூறப்பட்டது. இதிலிருந்தே "உயரம் கூடினால் ஆபத்து குறையும்" என்ற கருத்து பரவியது. ஆனால் விழுந்த இடத்திலேயே இறந்த பூனைகளை எவரும் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில்லை. எனவே அவை இக்கணக்கில் சேரவில்லை என்ற விமர்சனம் உள்ளது. குரோவாசியாவின் சாகிரேபு நகரில் 119 பூனைகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஏழாம் மாடி அல்லது அதற்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் கடுமையான காயங்களும் மார்புக் காயங்களும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆராயப்பட்ட பூனைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை ஒரு வயது நிரம்பாதவை.

தடுப்பு முறைகள்

- கொசுவலை பூச்சிகளைத் தடுப்பதற்கானது. பூனையின் எடையைத் தாங்காது. சட்டத்தில் திருகாணியால் பொருத்தப்பட்ட உறுதியான கம்பிவலையே ஏற்றது.
- வலைக்கண்களும் சன்னல் கம்பிகளின் இடைவெளியும் பூனையின் தலை நுழையாத அளவில் இருக்க வேண்டும். குட்டிகளுக்கு இன்னும் சிறிய இடைவெளி தேவை.
- புறாக்களைத் தடுக்கக் கட்டப்படும் நைலான் வலையைப் பூனை கடித்து அறுக்கக்கூடும்; வெயிலிலும் அது நைந்துபோகும். ஆகவே அதனை அவ்வப்போது இழுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.
- பால்கனியின் கைப்பிடிச் சுவரைப் பூனை எளிதில் தாண்டும். எனவே தரையிலிருந்து கூரை வரை வலை தேவை.
- செருமனி போன்ற நாடுகளில் காணப்படும், மேற்பகுதி மட்டும் உட்புறம் சாயும் சன்னல்களின் இடுக்கில் பூனை சிக்கினால் வயிறு நசுங்கி, பின்னங்கால்களுக்குச் செல்லும் குருதியோட்டம் தடைபடும். இத்தகைய சன்னல்களுக்குப் பக்கத் தடுப்புகள் பொருத்த வேண்டும்.

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் பெற்று, வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உயர்மாடிகளில் வாழ்வோர் மிகுந்த அந்நாட்டில் சன்னல் வலை பொறுப்பான பூனை வளர்ப்பின் பகுதியாகக் கருதப்படுகிறது.

விழுந்தபின் செய்ய வேண்டியவை

விழுந்த பூனை அச்சத்தால் வண்டிகளின் அடியிலோ புதரிலோ ஒளிந்துகொள்ளும். எழுந்து நடந்தாலும் அது நலமாக உள்ளது எனக் கொள்ளக்கூடாது. நுரையீரல் காயத்தின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். பூனையை உடல் வளையாதவாறு அட்டைப்பெட்டியில் கிடத்தி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மயக்க மருந்து தர நேரிடலாம் என்பதால் அதுவரை உணவு கொடுக்கக்கூடாது. மனிதர்களுக்கான வலி மாத்திரைகளையும் தரக்கூடாது. பாராசிட்டமால் பூனைகளுக்கு உயிர்க்கொல்லி நஞ்சாகும்.