கிடங்கில் உறங்காதவை

கப்பலையும் சுரங்கத்தையும் அபாயத்தின் இருப்பிடமாக எண்ணிப் பழகிய நாம், தானியக் கிடங்கை மூட்டைகளும் எலிகளும் உறங்கும் சாதுவான இடமென்றே கருதி வந்திருக்கிறோம். சாயும் அடுக்குகளும், பின்னோக்கி வரும் லாரிகளும், வழுக்கும் ஏணிகளும் அங்கே தொழிலாளரைக் காயப்படுத்துவது யாவரும் அறிந்ததே. ஆனால் அவை கண்ணுக்குத் தெரிபவை, ஆகவே ஒதுங்க இடமுண்டு. கண்ணுக்குப் புலப்படாத விரோதிகளைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

வண்டுகளைக் கொல்வதற்காக அடுக்கின்மேல் காற்றுப் புகாத விரிப்பைப் போர்த்தி, அதன் ஓரங்களை மணற்பைகளால் அழுத்திவிட்டு, உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைத்துப் பல நாட்கள் மூடி வைப்பது வழக்கம். காற்றிலுள்ள ஈரத்தோடு அந்த ரசாயனம் கூடும்போது பாஸ்பின் என்னும் விஷவாயு பிறக்கிறது. 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை 1 கிராம் வாயுவைத் தரும். தொழிலாளர் எட்டு மணி நேரம் சுவாசிக்கத்தக்க உச்ச அளவு பத்து லட்சம் பங்கு காற்றில் 0.3 பங்கு என்று பல நாடுகள் வரையறுத்திருப்பதை வைத்துக் கணக்கிட்டால், அந்த ஒற்றை மாத்திரை 20 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கூடத்தின் காற்று முழுவதையும் அந்த எல்லைக்குக் கொண்டு வந்துவிடும்! விரிப்பில் ஒரு கிழிசல் இருந்து, பக்கத்து அடுக்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றினால், அதை வெயிலின் மேலும் பசியின் மேலும் சுமத்திவிடுவதே மனித சுபாவம். உடலின் உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் சக்தியையே தடுக்கும் இவ்விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது.

இவ்வாயுவோடு வரும் பூண்டு நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பியிருப்பதும் பெரும் பிசகு. அந்த நாற்றம் பெரும்பாலும் வாயுவோடு கலந்த வேறு வஸ்துக்களுடையது. அவற்றைத் தானியம் உறிஞ்சிக்கொண்டால், நாற்றம் போய் விஷம் மட்டும் மிஞ்சும். ஆகவே மூக்கை நம்பாமல், வாயுமானியால் அளந்து பார்த்த பிறகே ஆளை உள்ளே அனுப்ப வேண்டும். வாயில் கட்டிய துண்டோ தூசித்தடுப்பு முகமூடியோ வாயுவுக்கு ஒரு தடையே அல்ல.

இனி தூசியைப் பார்ப்போம். 1785 டிசம்பரில் இத்தாலியின் தூரின் நகரத்து ரொட்டிக் கடையொன்றின் மாவுக் கிடங்கில், விளக்கு வெளிச்சத்தில் ஒரு பையன் மாவை வாரிக்கொண்டிருந்தபோது, மேலிருந்து சரிந்த மாவு மேகமாக எழுந்து வெடித்ததை மொரோஸ்ஸோ பிரபு எழுதி வைத்திருக்கிறார். 1878 மே மாதத்தில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்துச் சிதறியதில் 18 பேர் மாண்டனர். மூட்டைக்குள் சாவதானமாகக் கிடக்கும் மாவு காற்றில் பரவியவுடன் இவ்வளவு உக்கிரம் கொள்வதற்குக் காரணம் பரப்பளவு. ஒரு சென்டிமீட்டர்க் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான், அதையே 0.1 மில்லிமீட்டர்த் துகள்களாக நொறுக்கினால் 600 ஆகிறது. துகள் ஒவ்வொன்றையும் சுற்றிப் பிராணவாயு நிற்க, ஒரு பொறி போதும். முதல் வெடிப்பு சிறியதாயிருந்தாலும், அதன் அதிர்ச்சி உத்தரங்களில் படிந்த தூசியை உதிர்த்து இரண்டாவது, பெரிய வெடிப்புக்கு மருந்திடும். துடைப்பத்துக்குச் சோம்பி, அழுத்தக் காற்றைப் பீய்ச்சித் தூசியைக் கிளப்புகிறவர் அந்த வேலையைத் தம் கையாலேயே செய்கிறார்.

இவை என்றோ நேர்பவை. முதுகு தினமும் தேய்கிறது. ஒருவர் சுமப்பதற்கு 55 கிலோவுக்கு மேல் அனுமதிக்கும் நாடுகள் விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. நம் நாட்டில் ஏறக்குறைய 100 கிலோ பிடித்த சணல் மூட்டைகளின் இடத்தை இன்று பெரும்பாலும் 50 கிலோ மூட்டைகள் பிடித்திருக்கின்றன. ஆனால் கூலி மூட்டைக் கணக்கில் இருக்குமட்டும், எடை குறைந்த மூட்டை நடையைத்தான் இரட்டிக்கிறது.