அநாதைப் பிணங்கள்

அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு. பேய் வேடமிட்ட குழந்தைகள் வீடு வீடாக மிட்டாய் வாங்கிப் போன பிறகு, அமெரிக்கப் பெரியவர்கள் பழைய கறுப்பு வெள்ளைத் திகில் படங்களில் மூழ்குகிறார்கள். அவற்றில் தவறாமல் இடம்பிடிப்பது ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968). பிணங்கள் எழுந்து மனிதர்களைத் தின்னும் கதை. செலவு சுமார் 1,14,000 டாலர். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது?

சறுக்கியது வேறு இடத்தில். விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை வாசகமும் பறிபோனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வாசகம் இல்லையேல் உரிமையும் இல்லை. டி.வி.க்களும் வீடியோ கம்பெனிகளும் காசு கொடுக்காமலே படத்தை அள்ளிக்கொண்டன. ஓசியில் கிடைத்ததால்தான் படம் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. 2017இல் இறந்த ரொமேரோவுக்குத்தான் உரிமைத்தொகை கேட்க வழியில்லாமல் போனது.