காற்பங்கும் அரைப்பங்கும்: தொடக்கக் கல்வியின் அளவியல்

கற்றல் என்பது இரு செயல்களின் இணைப்பு. கண்டும் கேட்டும் தொட்டும் பெற்றதை உள்ளத்தில் இருத்துவது ஒன்று. இருத்தியதை வேண்டும்போது வேண்டிய வடிவில் எடுத்துத் தருவது மற்றொன்று. முன்னதை உட்கொளல் என்றும் பின்னதை மீட்டெடுப்பு என்றும் இக்கட்டுரை வழங்கும். இவற்றைக் குழந்தையிடம் வளர்க்கப் பள்ளிகள் மேற்கொள்ளும் வழிகளும் இருவகைப்படும். விளையாட்டு, பாட்டு, கதை, கைவினை ஆகியவற்றின் ஊடே குழந்தை தானே ஆக்கியும் கண்டும் கற்பது படைப்புவழி. வகுத்தளித்த பாடத்தைக் குறித்த நாளில் எழுதிக்காட்டி மதிப்பெண் பெறுவது தேர்வுவழி.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நெருங்கும் கோடையில், இவ்விரு வழிகளையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் பேச்சு மதுரையின் வீடுகளில் எழுகிறது. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் மஞ்சள் நிற ஊர்திகளில் பிள்ளைகளை மாநகருக்கு அனுப்பும் பெற்றோர்க்கு, இப்பேச்சு கட்டணத்தோடும் தொலைவோடும் பிணைந்தது. விளையாட விட்டால் பின்னாளில் போட்டியில் பின்தங்குவான் என்பார் ஒருவர். இப்போதே நெருக்கினால் படிப்பென்றாலே அஞ்சுவான் என்பார் மற்றொருவர். இருவர் அச்சமும் மெய்யே. எனினும், குழந்தை கற்கும் பொருளின் இயல்பை முதலில் ஆராய்ந்து, வழியை அதன்பின் தெரிவதே முறை.

தமிழ் நெடுங்கணக்கையே சான்றாகக் கொள்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. இவற்றைத் தனித்தனி உருக்களாக நெட்டுருப் போடப் புகும் குழந்தைக்கு இது பெருஞ்சுமை. மெய்யோடு உயிர் புணர உயிர்மெய் பிறக்கும் என்னும் ஒழுங்கைக் கண்டுகொண்ட குழந்தைக்கோ, முப்பது எழுத்துகளின் அறிவு இருநூற்றுப் பதினாறின் ஒலிகளைத் திறந்துவிடுகிறது. துணைக்கால் சேர்ந்தால் ஒலி நீளும் என்பதையும், மேல்விலங்கு ஏறினால் இகரம் இசைக்கும் என்பதையும் அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கி அதுவே கண்டறியலாம். இது படைப்புவழியின் வெற்றி. ஆனால் உகர வரிசைக்கு வந்தவுடன் அவ்வொழுங்கு நெகிழ்கிறது. ‘கு’, ‘மு’ ஆகியவற்றில் கோடு எழுத்தைத் தழுவிச் சுற்றுகிறது. ‘சு’, ‘பு’ ஆகியவற்றில் கீழிறங்குகிறது. ‘து’, ‘நு’ ஆகியவற்றில் வலப்புறம் நீண்டு மேலெழுகிறது. இவ்வேறுபாட்டை உய்த்துணர வழியில்லை. எழுதி எழுதி நினைவில் ஏற்றுதலே வழி. ஆக, ஒரே நெடுங்கணக்கில் கண்டறியத்தக்க பகுதியும் பயின்று பழகத்தக்க பகுதியும் அருகருகே அமைந்துள்ளன. ஒரு வழியை மட்டும் பற்றிய பள்ளி, இவற்றுள் ஒன்றைக் கைவிடுகிறது.

நினைவின் இயல்பும் இதற்கு இசைந்தே நிற்கிறது. 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் கல்லூரி மாணாக்கரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு குழுவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்துவிட்டு, மும்முறை நினைவிலிருந்து எழுதினர். ஐந்து மணித்துளிகள் கழித்து உசாவியபோது மீண்டும் மீண்டும் படித்தவரே முந்தினர். ஒரு கிழமை கழித்தோ, படித்தவர் நினைவில் ஏறத்தாழ 40 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர் நினைவில் ஏறத்தாழ 61 விழுக்காடும் எஞ்சின. நினைவிலிருந்து எடுக்கும் செயலே நினைவை உறுதிப்படுத்துகிறது என்பது இதன் முடிவு. ஆகவே தேர்வு என்னும் சொல்லுள் இருபொருள் உறைகின்றன: அளந்து தரம்பிரிக்கும் நிறைகோல் ஒன்று; மீட்டெடுக்கப் பழக்கும் பயிற்சி மற்றொன்று. இளங்குழந்தைக்கு வேண்டுவது பின்னது.

இவ்வுண்மையை வகுப்பறையில் வடித்துக்காட்டிய முயற்சி தமிழ்நாட்டிலேயே உண்டு. ஆந்திரத்து இரிசிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி, 2003ஆம் ஆண்டில் ஆணையர் எம்.பி. விசயகுமார் முன்னின்று சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. பாடநூல் சிறுசிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டு ஏணிப்படிகளாக அடுக்கப்பட்டது. குழந்தைகள் பாயில் வட்டமாய் அமர்ந்து, தத்தம் படிக்குரிய அட்டையைத் தாமே எடுத்தனர். சுவரின் அடியில், தம் கைக்கெட்டும் உயரத்தில் அமைந்த கரும்பலகையில் எழுதினர். குழுக்கள் ஆறு: ஆசிரியர் துணையில் முழுமையாகவும் ஓரளவும் கற்பன இரண்டு, உடன்பயில்வோர் துணையில் அவ்வாறே கற்பன இரண்டு, தானே பயில்வது ஐந்தாவது, மதிப்பீட்டுக்குரியது ஆறாவது. விளையாட்டுமுறை என்று பலரும் கருதிய இதனுள், தேர்வு ஏணியின் ஒரு படியாகவே நின்றது. ஒரு குழந்தை அப்படியை எய்தும் நாளே அதன் தேர்வுநாள்.

ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று 2019இல் வந்த அரசாணையோ நிறைகோலை முன்னிறுத்தியது. எதிர்ப்பு வலுத்து 2020 பிப்பிரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என வகுத்தது. நிலையைச் சுட்டும் பெயரே அடுத்த வளர்ச்சியையும் சுட்டுவது இவ்வகைப்பாட்டின் நயம்.

இவ்வளவியலைத் தமிழ் இலக்கணம் முன்பே எண்ணியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியைப் பங்கிட்டு உரைக்கிறது: ஆசிரியர் உரையால் வருவது காற்பங்கு, உடன்பயில்வாரோடு பழகி வருவது காற்பங்கு, பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைப்பதால் வருவது எஞ்சிய அரைப்பங்கு. அவ்வரைப்பங்கே இன்றைய உளவியல் கூறும் மீட்டெடுப்பு. ஆதலால் பள்ளி தேடும் பெற்றோர், கரும்பலகையில் எழுதுவது ஆசிரியர் கையா குழந்தை கையா என்று நோக்குக. பிழைபட்ட விடைக்கு மறுமுயற்சி உண்டா என்று வினவுக. மாலையில் ஊர்தியைவிட்டு இறங்கி, ‘கு’வும் ‘சு’வும் எவ்வெவ்வாறு வளையும் என்று முற்றத்தில் சுண்ணக்கட்டியால் எழுதி அப்பத்தாவுக்கு விளக்கும் பிள்ளை, தன் கல்வியின் அரைப்பங்கை அங்கேதான் ஈட்டுகிறது.