கட்டடமும் ஃபேக்டரியில் தயாராகுமா? ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் மாறும் கட்டுமானம்

கார், போன், டயர் என ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் எல்லாமே அசெம்பிளி லைனில் தயாராகின்றன. இவற்றைத் தயாரிக்கும் தொழிலாளர்கள் தங்கும் கட்டடங்களும் அதே பாணிக்கு மாறினால் எப்படி இருக்கும்? அந்த மாற்றம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

ஏன் இந்த அவசரம்?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் இறங்கினர். விடுதிச் சாப்பாட்டால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதுதான் காரணம். விடுதிகளின் நெரிசலும் அப்போதுதான் பெரிதாகப் பேசப்பட்டது.

2024 ஆகஸ்ட் 17-ம் தேதி, வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். 20 ஏக்கர், 13 பிளாக்குகள், 18,720 பேர் தங்கும் வசதி, ரூ.706.50 கோடி செலவு.

இதில் மத்திய அரசின் பங்கு ரூ.37.44 கோடி. குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தில், புதிய கட்டுமானத் தொழில்நுட்பத்துக்கான ஊக்கத்தொகை ஒரு டார்மிட்டரி படுக்கைக்கு ரூ.20,000 ஆக இருந்தது. அதை 18,720-ஆல் பெருக்கிப் பாருங்க, அதே தொகை வரும். அதாவது, வேகமாகக் கட்டும் முறைகளுக்கு அரசே காசு கொடுத்து ஊக்கப்படுத்துகிறது.

என்னென்ன முறைகள்?

மைவான்: அலுமினிய அச்சுகளைப் பூட்டி, சுவரையும் கூரையையும் ஒரே மூச்சில் கான்கிரீட்டாக ஊற்றுவது. செங்கல் வேலை இல்லை, பூச்சு வேலையும் பெரிதாக இல்லை. அதே அச்சைக் கழற்றி அடுத்த மாடிக்குக் கொண்டு போகலாம்.

பிரீகாஸ்ட்: சுவர், தூண், கூரையை யார்டில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கிப் பொருத்துவது. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் இப்படித்தான் கட்டப்பட்டன. 2021 ஜனவரி 1-ல் அடிக்கல், 2022 மே 26-ல் திறப்பு.

3டி பிரிண்டிங்: இயந்திரம் கான்கிரீட் கலவையை அடுக்கடுக்காகப் பிழிந்து சுவர் எழுப்பும். 2020 டிசம்பரில் எல் அண்ட் டி நிறுவனம் காஞ்சிபுரத்திலுள்ள தன் வளாகத்தில் 700 சதுர அடியில், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட கட்டடத்தை இப்படி எழுப்பியது. பிரிண்டிங் மட்டும் 106 மணி நேரம். ஆனால் கூரை ஸ்லாப் பிரிண்ட் செய்யப்படவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இது வர இன்னும் நாள் ஆகும்.

சரி, சிக்கல் எங்கே?

மைவான் கட்டடத்தில் சுவரே பாரம் தாங்குகிறது. குடிவந்த பிறகு 'இங்கே ஒரு ஜன்னல் வெச்சுக்கலாமே' என்று உடைக்க முடியாது. ஏசி குழாய்க்கான துளை வரை முன்கூட்டியே வரைபடத்தில் இருக்கணும். அதனால்தான் 'பிம்' என்ற மென்பொருள் முறை முக்கியமாகிறது. பைப், ஒயர், பீம் எல்லாவற்றையும் கணினியில் மாதிரியாக உருவாக்கி, எங்கே எது மோதுகிறது என்று கட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கிறார்கள்.

பிரீகாஸ்ட்டில் கவனம் தேவைப்படும் இடம் இணைப்புகள். அங்கே அடைப்பு சரியில்லை என்றால் மழைநீர் கசியும்.

இன்னொன்று வெயில். கான்கிரீட் சுவர் பகல் சூட்டை வாங்கிவைத்து இரவில் வெளியே விடும். ஷிப்ட் முடிந்து வந்து தூங்குபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. காற்றோட்டம், ஜன்னலுக்கு நிழல், கூரையில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சு ஆகியவற்றை வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டும்.

வேலைவாய்ப்பும் மாறுகிறது. கொத்தனார், பூச்சு வேலை செய்பவர்களின் தேவை குறையும். அச்சு பூட்டுபவர், கிரேன் ஆபரேட்டர், பிம் மாடலர் போன்றோரின் தேவை கூடும். முந்தையவர்களுக்குப் பயிற்சி கிடைக்காவிட்டால், வேகத்தின் விலையை அவர்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஃபிளாட் வாங்கப் போறீங்களா?

பில்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தெந்தச் சுவர்களைத் தொடக் கூடாது? இணைப்புகளில் கசிவு வந்தால் யார், எத்தனை வருடம் வரை சரிசெய்வார்கள்? பைப், ஒயர் போகும் பாதையின் வரைபடம் கையில் கிடைக்குமா? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.