சினைப்பைப் புற்றும் புது இரத்தக் குழாய்களும்

கிருஷ்ணகிரிப் பகுதியில் மாந்தோப்பு வைத்திருப்போர் புல்லுருவியை நன்கறிவர். அது கிளைக்குள் உறிஞ்சு வேரைச் செலுத்தி, மரத்தின் நீரைக் குடித்தே தழைக்கிறது. பெண்களின் சினைப்பையில் தோன்றும் புற்றுக்கட்டி அதனினும் சூழ்ச்சி மிக்கது. உடலையே ஏவித் தனக்கு வாய்க்கால் வெட்டிக் கொள்கிறது. இரண்டொரு மில்லிமீட்டருக்கு மேல் வளரக் கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எடுத்துரைத்தார். கட்டி சுரக்கும் வி.இ.ஜி.எஃப். என்னும் புரதம் அருகிலுள்ள குழாய்களைக் கிளைவிடச் செய்கிறது. குழாய்ச் சுவர்கள் கசிவதற்கும் அதுவே காரணமாவதால், வயிற்றில் நீர் கோத்து வீங்குகிறது.

அப்புரதத்தை இரத்தத்தில் அளந்து நோயை முன்கூட்டியே அறியலாகாதா என்று அன்பர்கள் கேட்கலாம். ஆராய்ச்சியாளர் கேட்பதும் இதுவே. இடர்ப்பாடு யாதெனில், நலமுள்ள பெண்ணின் சினைப்பையிலும் முட்டை வெளிப்பட்டபின் மாதந்தோறும் புதுக் குழாய்கள் தோன்றி மறைகின்றன. ஆறும் புண்ணிலும் அவ்வாறே. ஆதலின் புரதம் மிகுந்திருப்பதைக் கொண்டு மட்டும் புற்று என்று துணிய இயலாது. இப்புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்து இன்று வழங்கப்படுகிறது. அது எவருக்குப் பயன்படும் என்று முன்னறிவிக்கும் குறியீடோ இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

பழைய சி.ஏ.125 சோதனையின் நிலையும் இதுவே. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. அறிகுறியற்றோரை அச்சோதனையாலும் ஸ்கேனாலும் ஆண்டுதோறும் பார்த்து வந்தும் இறப்புகள் குறையவில்லை. எனவே ஓசூர் ஆலைப் பெண்களோ கிராமத் தாய்மாரோ, நோய்க்குறி எதுவுமின்றி இத்தகைய சோதனைக்குப் பணம் செலவிடுவது வீண் என்பதே நமது கருத்து.

செய்யத்தக்கது வேறு. வயிறு உப்புதல், சிறிது உண்டதுமே நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை புதிதாகத் தோன்றி இரண்டு மூன்று வாரங்கள் நீடித்தால், மாதவிலக்கு நின்ற தாய்மார் சிறப்பாக, மருத்துவரை அணுக வேண்டும். வாயு என்னும் ஒரே சொல்லால் வயிற்றின் குறை அனைத்தையும் மூடிவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு! கட்டிக்குள் ஓடும் இரத்தத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேன், குழாய் வளர்ச்சியை இன்றே காணத் துணைபுரிகிறது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நமது மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. அதன் பெண் ஊழியர்கள் வீடு தேடி வரும்போது இவ்வறிகுறிகளைத் தாய்மாரிடம் விசாரிக்கும்படி பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்டுக்கொள்ளலாம். கட்டி என்று சந்தேகம் எழுமாயின், பெங்களூர் கித்வாய் நிலையமும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளன. புறப்படுவோர் முந்தைய ஸ்கேன் அறிக்கைகளைத் தவறாது உடன்கொண்டு செல்ல வேண்டும்.